வெறுங்கொக்கியின் பாரம்

முதல் தடவை முன்பக்கமாகக் கவிழ்ந்தது. அதைச் சரிசெய்தேன், இரண்டாம் தடவை பின்பக்கமாக மல்லாந்தது. இந்த இரண்டு விழுகைக்கும் நடுவில் எனக்கு மூன்று வாரம் போயிருந்தது, கால் கிலோ ஈயம் போயிருந்தது, வீட்டில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச நல்ல பெயரும் போயிருந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு மொசைக் தரையில் பித்தளை விழுந்தால் என்ன சத்தம் வரும் என்பது சேலம் சூரமங்கலத்தில் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்காவது தெரியும்.

விழுந்தது ஒரு கிரேன். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் நின்ற 5 டன் கைக்கிரேன் ஒன்றின் மாடல், நிஜத்தில் 32-ல் ஒரு பங்கு. ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிற ஆளுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், முதல் ஆள் என் மனைவி. அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், கொஞ்சம் நீளமாக.

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். சேலம் – விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், ஆத்தூர் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். கூட்ஸ் ஷெட்டை ஒட்டி ஒரு கைக்கிரேன் நிற்கும். எப்போதாவது பெரிய மரம், மோட்டார், கருங்கல் தூண் என்று ஏதாவது வந்து இறங்கும்போது மட்டும் அதற்கு உயிர் வரும். இரண்டு பக்கக் கைப்பிடியிலும் பக்கத்துக்கு இரண்டு கலாசிகள், அதாவது ரயில்வே கூலியாட்கள், நின்று சுற்றுவார்கள். சுமை மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெதுவாக ஏறும். ஆனால் காதுக்குத் தெரியும். டக், டக், டக் என்று ராட்செட் சக்கரத்தின் மேல், ஒரு பக்கமாக மட்டும் சுற்ற விடுகிற ரம்பப்பல் சக்கரம் அது, இரும்பு நாக்கு விழுகிற சத்தம். கலாசிகள் மூச்சு வாங்க நிறுத்தினால் சத்தமும் நிற்கும், சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும். கையை விட்டுவிட்டார்களே, கீழே விழாதா என்று நான் அப்பாவிடம் கேட்டேன். “அந்த நாக்கு பிடிச்சிருக்குதுடா” என்றார். ஒன்றரை அங்குல இரும்புத் துண்டு ஒன்று, நான்கு ஆள் சேர்ந்து தூக்கியதைத் தனியாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது! ஏழு வயசில் எனக்கு சாமி கதை எதுவும் அப்படிப் பிடித்ததில்லை.

பாதை அகலமானது, கிரேன் எங்கே போனதோ, எடைக்குத்தான் போயிருக்கும். போட்டோகூடக் கிடையாது. மிச்சம் அந்த டக் டக் மட்டும்.

கிரேன் மாடல் என்றாலே எல்லாரும் பெரியதைத்தான் செய்கிறார்கள். ரயில் தடம் புரண்டால் வந்து பெட்டியை அலேக்காகத் தூக்குகிற 140 டன் கிரேன், ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் செய்கிறார்களே, அது. பிரமாதமான வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எல்லாம் ஹைட்ராலிக், எல்லாம் தகட்டுக்குள்ளே. எது எதைத் தள்ளுகிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சின்னக் கிரேன் அப்படி இல்லை, அதற்கு ஒளிக்க எதுவும் கிடையாது. கைப்பிடி, சின்னப் பல்சக்கரம், பெரிய பல்சக்கரம், சங்கிலி சுற்றுகிற டிரம், சங்கிலி, கப்பி, கொக்கி. விரலால் தொட்டுக்கொண்டே போனால் மனிதன் கையிலிருந்து சுமை வரைக்கும் போய்விடலாம். நீராவிக் கிரேன்கள்கூடக் கிட்டத்தட்ட இதே மாதிரித் திறந்த புத்தகம்தான். அவற்றில் கொதிகலனை நட்டக்குத்தலாக வைத்து, பூமுக்கு, அதாவது கிரேனின் நீட்டிய கைக்கு, நேர் எதிரே, வால் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பார்கள். நீராவிக்கு நீராவியும் ஆச்சு, எதிர் எடைக்கு எதிர் எடையும் ஆச்சு. இந்த மாதிரி சிக்கன புத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மண்டியில் வேலை பார்ப்பதாலோ என்னவோ.

இந்தியாவுக்கு வந்த பழைய ரயில் கிரேன்களில் இங்கிலாந்தின் கார்லைல் ஊரில் இருந்த கவன்ஸ் ஷெல்டன் கம்பெனியின் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். இன்னொன்று இப்ஸ்விச் ஊரின் ரான்சம்ஸ் அண்ட் ரேபியர். அந்தக் கம்பெனியை நடத்திய வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ் ஒரு நல்ல யோசனை செய்தார். கனமான கிரேன் பாலத்தின் மேல் போகும்போது அச்சுக்கு அச்சு பாரம் அதிகமாகிவிடும் இல்லையா, அதனால் முன்னும் பின்னும் கழற்றி மாட்டக்கூடிய தனிச் சக்கரவண்டிகளைச் சேர்த்து, பாரத்தின் ஒரு பங்கை அவற்றின் தலையில் ஏற்றினார். வேலை செய்கிற இடம் வந்ததும் கழற்றி ஓரங்கட்டிவிடலாம். இதே மனிதர்தான் முதல் உலகப்போரில் ஸ்டோக்ஸ் மார்ட்டர் என்ற பீரங்கியையும் கண்டுபிடித்தார். பாரத்தைத் தூக்குவதிலேயே இருந்திருக்கலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் செய்தது பிளாஸ்டிக் கிட், துண்டு துண்டாக வரும், நாம் ஒட்டிக்கொள்ள வேண்டும். ராட்லி ஊரின் பூத் கம்பெனி செய்த 15 டன் டீசல் ரயில் கிரேனை ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் கம்பெனி ஒரு காலத்தில் கிட்டாகப் போட்டது, பிறகு அதையே டாபோல் என்ற இன்னொரு கம்பெனி போடுகிறது. 76-ல் ஒரு பங்கு அளவு. இங்கிலாந்தில் இருக்கும் சித்தி மகன் லீவுக்கு வரும்போது வாங்கி வந்தான். ஒட்டி, பெயின்ட் அடித்து, தையல் நூலைக் கட்டிக் கொக்கியைத் தொங்கவிட்டு, ஷோகேஸில் வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் “அட” என்றார்கள். அந்த சமயத்தில்தான் மாமா வந்தார்.

மாமா என்றால் மனைவிக்குத் தாய்மாமன் முறை, அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஊர். கிணறு வெட்டுகிற கிரேன் வைத்திருந்தவர். சேலம், நாமக்கல், தர்மபுரி ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டில் ஒரு இரும்புச் சட்டம், அதில் நிமிர்ந்து நிற்கிற ஒரு தூண், தூணைச் சுற்றித் திரும்புகிற பூம், பின்னால் ஒரு டீசல் இன்ஜின், பெல்ட், டிரம், அதில் சுற்றிய இரும்புக் கயிறு. அடியில் வெடி வைத்து உடைத்த பாறையை பக்கெட்டில் அள்ளிப் போட்டால் மேலே இழுத்து, பூமைக் கையாலேயே தள்ளித் திருப்பி, மேட்டில் கொட்டுவார்கள். ஆளும் அதே பக்கெட்டில்தான் ஏறி இறங்குவார். மாமா இருபத்தைந்து வருஷம் கர்நாடகா, ஆந்திரா என்று அந்த வண்டியோடு அலைந்தவர். இப்போது எங்கே பார்த்தாலும் போர்வெல், வண்டி புளியமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

ஷோகேஸைத் திறந்து பார்த்தார். எல்லாரும் “அட” என்ற இடத்தில் அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் மாப்ள, கயிறு ஏன் இப்படி நெளியுது?” என்றார்.

சின்ன சைஸ் மாமா, நூல்தானே, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

“அது இல்லைங்க. வெறுங்கொக்கியா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு பாரம் இருக்கோணும். அது இல்லைன்னா டிரம்முல இருந்து கயிறு இறங்கவே இறங்காது, மேலேயே சுத்திக்கும். நாங்க கொக்கிக்கு மேல ஒரு இரும்புக் குண்டு மாட்டுவோம். இது, பார்த்தா கயிறு கொக்கியைத் தாங்கற மாதிரி இல்லை, கொக்கி கயித்தில ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்குது.”

அதற்கப்புறம் அந்த கிட்டை என்னால் பார்க்க முடியவில்லை. உண்மையிலேயே முடியவில்லை, பார்த்தால் கண் நேராக நூலுக்குத்தான் போகிறது. அளவெல்லாம் சரி, நிறம் சரி, தூக்குகிற சாமானில் பாரம் மட்டும் இல்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் தொழிலே அதுதானே. நீளம் 32-ல் ஒரு பங்கு ஆனால் எடை 32-ல் ஒரு பங்கு ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால் 32-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும், 32,768-ல் ஒரு பங்கு. கப்பியும் கொக்கியும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், மாடலில் 2 கிராமுக்கும் கீழே. 76-ல் ஒரு பங்கு அளவிலோ அது 0.14 கிராம், நாலைந்து அரிசி எடை. ஆனால் நூலின் முறுக்கும் விறைப்பும் அந்தக் கணக்கில் குறைவதில்லை. அதனால் நூல் ஜெயிக்கிறது, கொக்கி தோற்கிறது. மாமா அந்தப் பெருக்கல் எதுவும் போடாமல் மூன்றடி தூரத்திலிருந்து சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் தீர்மானித்தேன். அப்பாவின் ஸ்டேஷன் கிரேனைச் செய்வது, பித்தளையில் செய்வது, 5 டன்னுக்குச் சமமான 150 கிராமை அது நிஜமாகத் தூக்க வேண்டும், தூக்கும்போது டக் டக் என்று சத்தம் வர வேண்டும். அளவு 32-ல் ஒரு பங்கு என்று எடுத்ததற்கு ஒரு சோம்பேறித்தனமான காரணம் உண்டு. மீட்டர் கேஜின் 1000 மி.மீ.-ஐ 32-ஆல் வகுத்தால் 31.25 மி.மீ. வருகிறது, ஓ கேஜ் மாடல் தண்டவாளம் 32 மி.மீ. அகலம். முக்கால் மி.மீ. வித்தியாசத்தை எந்த ரயில்வே இன்ஸ்பெக்டரும் வந்து அளக்கப் போவதில்லை. ரெடிமேட் தண்டவாளமும் சக்கரமும் போட்டுக்கொள்ளலாம்.

நூல் வேண்டாம் என்று முடிவு செய்ததும் வேலை பாதி சுலபமாகிவிட்டது. ஏனென்றால் அந்தக் கிரேனில் இருந்தது கயிறே இல்லை, சங்கிலி. சங்கிலிக்கு சேலத்தைவிட நல்ல ஊர் எது? ஊரே கொலுசு செய்கிறது. சிவதாபுரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போய், 12 மி.மீ. கம்பியில் செய்த கிரேன் சங்கிலியை 32-ஆல் வகுத்து எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். கம்பி 0.375 மி.மீ. கனம், முட்டை வடிவக் கண்ணி, ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் 1.1 மி.மீ. ஒரு அடிக்குச் சுமார் 270 கண்ணி வரும். பட்டறைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “குழந்தைக்காங்கண்ணே?” என்றார். இல்லைங்க, கிரேனுக்கு என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பத்து நாளில் இரண்டு அடி சங்கிலி வந்தது, எடைக்கு வெள்ளி விலை, கூலி தனி. விலையை இங்கே எழுத மாட்டேன், மனைவி படிப்பாள்.

கையில் எடுத்துத் தொங்கவிட்டேன். நேராக, ஒரு நெளிவு இல்லாமல், தண்ணீர் ஒழுகுகிற மாதிரி தொங்கியது. நூல் செய்யாததை வெள்ளி செய்தது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக மடங்குவதால் விறைப்பே கிடையாது, தன் பாரத்திலேயே தொங்கும்.

ஒரே தொல்லை, பளபளக்கிறது. கூட்ஸ் ஷெட் கிரேனுக்கு வெள்ளிக் கொலுசு போட்ட மாதிரி இருந்தது. பெயின்ட் அடித்தால் கண்ணிகள் ஒட்டிக்கொள்ளும். இதற்கு வழி சமையலறையில் இருந்தது. ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து, சூட்டோடு மஞ்சள் கருவை மசித்து, மூடி இறுக்கமான டப்பாவில் சங்கிலியோடு போட்டு மூடி வைத்தேன், முட்டை மேலே படாத மாதிரி. முட்டையிலிருந்து வருகிற கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும். மறுநாள் எடுத்தால் புகை பிடித்த இரும்பு நிறம். துணியால் லேசாகத் துடைத்ததும் மேடான இடம் மட்டும் மினுங்கியது, தேய்ந்த சங்கிலி அப்படியே. டப்பாவை மனைவி என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள், அது அவளுடைய ஊறுகாய் டப்பா.

பித்தளைத் தகடு செவ்வாய்ப்பேட்டையில் எடைக்கு வாங்கியது, அரை மி.மீ. கனம். சேலம் என்றதும் சிலர், எவர்சில்வரில் செய்யலாமே, உருக்காலை ஊர்க்காரர் என்கிறார்கள். எவர்சில்வரில் சாதாரண ஈயப்பற்று பிடிக்காது சாமி, அதற்கென்று தனி அமிலம் வேண்டும், என் பால்கனியில் அது நடக்காது. பித்தளை சொன்னபடி கேட்கும். ரிவெட் தலை எல்லாம் தகட்டின் பின்பக்கமிருந்து மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பியது, 400-க்கும் மேலே. முந்நூறைத் தாண்டும்போது ஒரு வரிசை கோணலாகப் போய்விட்டது, அது இன்னும் அப்படியே இருக்கிறது, வலது பக்கம், பார்க்காதீர்கள்.

பற்றவைப்பதில் எனக்கு இருந்த பிரச்சினை புதிதாகச் செய்கிற எல்லாருக்கும் வருவதுதான். இரண்டாவது இணைப்பைச் சூடாக்கும்போது முதல் இணைப்பு உருகிக் கழன்றுவிடும். இதற்கும் கொலுசுப் பட்டறைதான் வழி காட்டியது. அவர்கள் ஒரு கொலுசில் நூற்றுக்கணக்கான இடத்தில் பற்றுப் பொடி போட்டுத் தீயை ஊதுகிறார்கள், ஒன்றும் கழல்வதில்லை. முடிந்துபோன இணைப்பின் மேல் காவிக்கல்லைக் குழைத்துப் பூசிவிடுங்கள் என்றார் பட்டறைக்காரர். காவி பூசிய இடத்தில் பற்று நகராது. ஈரப்பஞ்சையும் பக்கத்தில் சுற்றி வைத்தால் சூடு அந்தப் பக்கம் போகாது. இதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

பல்சக்கரத்தில் ஒரு மாதம் வீணானது. பழைய டைம்பீஸ்களைப் பிரித்தால் அழகழகான பித்தளைச் சக்கரம் கிடைக்குமே என்று நான்கு டைம்பீஸைக் கொன்றேன். போட்டுச் சுற்றினால் கரகரவென்று சிக்குகிறது. பிறகுதான் புரிந்தது, கடிகாரத்தில் பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தைத் தள்ளும், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், பல்லை அதற்குத்தான் வெட்டியிருக்கிறார்கள். கிரேனில் தலைகீழ், சின்னது பெரியதைத் தள்ள வேண்டும். கடிகாரப் பல்லை எதிர்த்திசையில் ஓட்டினால் அது முறைக்கிறது. கடைசியில் ஆன்லைனில் 12 பல், 60 பல் சக்கரங்கள் இரண்டு ஜோடி வாங்கினேன். ஆனால் செத்த டைம்பீஸ் சும்மா போகவில்லை. சாவி கொடுக்கிற இடத்தில், ஸ்பிரிங் பின்னால் சுற்றாமல் பிடிக்க, ரம்பப்பல் சக்கரமும் ஒரு சின்ன நாக்கும் இருக்கும். எனக்கு வேண்டிய டக் டக் அதில் ரெடியாக இருந்தது! இத்தனை வருஷம் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தும் அந்தச் சத்தமும் இந்தச் சத்தமும் ஒன்று என்று தோன்றவே இல்லை பாருங்கள்.

12-க்கு 60 என்றால் ஐந்து மடங்கு. இரண்டு ஜோடி, இருபத்தைந்து மடங்கு. நிஜக் கிரேனில் கைப்பிடியின் நீளம் 400 மி.மீ., டிரம்மின் ஆரம் 125 மி.மீ. என்று வைத்தால் இன்னொரு 3.2 மடங்கு, ஆக 80. கொக்கியில் கப்பி போட்டு சங்கிலியை இரட்டையாக விட்டால் 160. ஆளுக்குப் பதினைந்து கிலோ அழுத்தினால் நாலு பேருக்கு 60, அதை 160-ஆல் பெருக்கினால் 9,600 கிலோ, உராய்வில் பாதி போனாலும் 5 டன் கிட்டத்தட்டக் கையில் நிற்கும். இதற்கு விலை நேரம். ஒரு மீட்டர் தூக்க 64 சுற்று. அந்தக் கலாசிகள் ஏன் அவ்வளவு வியர்த்தார்கள், சுமை ஏன் ஏறுவதே தெரியவில்லை என்று எனக்கு நாற்பது வருஷம் கழித்து ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை கிடைத்தது.

இப்போது விழுந்த கதை. ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உள்ளூர் லீவு விட்ட நாள். எல்லாம் முடிந்து தண்டவாளத்தில் நிறுத்தினேன். தராசில் 150 கிராம் பார்த்து ஒரு பித்தளைக் கட்டியைக் கொக்கியில் மாட்டினேன். பூம் தண்டவாளத்தின் நீளவாக்கில் இருந்தது. சுற்றினேன், டக், டக், டக், ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதே சந்தோஷத்தில் பூமைப் பக்கவாட்டில் திருப்பினேன். அவ்வளவுதான், முகங்குப்புற விழுந்தது.

நீளவாக்கில் நிற்கும்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நல்ல தூரம் இருக்கிறது, தாங்கும். பக்கவாட்டில் திருப்பினால் அதற்குக் காலே 32 மி.மீ. அகலம்தான், நடுவிலிருந்து 16. பூமின் நுனியோ 150 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஒற்றைக் காலில் நின்று கையை நீட்டிக் குடம் தூக்குகிற கதை. சரி என்று வால் பெட்டியில் ஈயம் ஊற்றினேன், தூண்டில்காரர்கள் கட்டுகிற ஈயக்குண்டை வாங்கி உருக்கியது, 200 கிராமுக்கு மேல். (ஈயத்தை உருக்கினால் சமையலறையில் உருக்காதீர்கள், மாடியில், காற்று வாட்டத்தில், முகத்தை மூடிக்கொண்டு.) மூன்று வாரம் கழித்து அதே 150 கிராமை மாட்டி, பக்கவாட்டில் திருப்பி, தூக்கினேன். நின்றது. ஆடாமல் நின்றது. சுமையை இறக்கி, கொக்கியிலிருந்து கழற்றி, கையை எடுத்தேன். மல்லாந்துவிட்டது.

அந்தச் சத்தம்தான் நான் முதலில் சொன்னது.

தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோதுதான், பழைய கைக்கிரேன் படங்களில் வால் பெட்டிக்குக் கீழே நீளமாக ஒரு தண்டவாளம் மாதிரி இருக்குமே, அது ஏன் என்று புரிந்தது. அலங்காரம் என்று நினைத்து நான் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன். அந்தப் பெட்டி நகரும். சுமை தூக்கும்போது வெளியே தள்ளுவார்கள், சுமை இல்லாதபோதும் வண்டி ஓடும்போதும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எதிர் எடை எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால், எதிரில் ஆள் இல்லாத நேரத்தில் அதுவே எதிரி. இதைத் தவிர தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற கவ்வி நாலு மூலையிலும் உண்டு, பக்கவாட்டில் இழுத்துவிட்டு அடியில் கட்டை கொடுக்கிற கை உண்டு. மூன்றையும் நான் “டீடெயில்” என்ற தலைப்பில் எழுதி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அவை இல்லாமல் கிரேனே கிடையாது.

எனக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தபோது, 1881 நவம்பர் புயல் அரை மைல் சுவரோடு கட்டுமானக் கல்லைத் தூக்கி வைக்கிற இரண்டு ராட்சத டைட்டன் கிரேன்களையும் கடலுக்குள் தள்ளியது. பெரிய பெரிய இன்ஜினியர்கள் நிறுத்தி வைத்ததே விழுந்திருக்கிறது. என்னுடையது மொசைக்கில்தானே விழுந்தது.

பூம் வளைந்திருந்தது, அதை நிமிர்த்தினேன். வால் பெட்டியைச் சின்ன உருளைகள் மேல் ஏற்றி, முன்னும் பின்னும் நகர ஒரு திருகு வைத்தேன். கவ்விகளைச் செய்தேன், பிடிக்கின்றன. கொக்கிக்கு மேலே மாமா சொன்ன குண்டு, உள்ளே ஈயம், 6 கிராம். கணக்குப்படி இது மூன்று மடங்கு அதிகம், தெரியும். தராசுக்குச் சரியாக இருப்பதா, கண்ணுக்குச் சரியாக இருப்பதா என்று வந்தபோது கண்ணுக்கு ஓட்டுப் போட்டேன். சங்கிலி நேராக நிற்கிறது.

புரட்டாசியில் கொலு வைத்தோம். படிக்குக் கீழே பூங்கா போடுகிற இடத்தை இந்த வருஷம் மனைவியே எனக்கு விட்டுக்கொடுத்தாள், அதில் தண்டவாளம் போட்டு, ஒரு கூட்ஸ் ஷெட் அட்டையில் செய்து, கிரேனை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் செட்டியார் பொம்மையைத் தூக்க வைத்தார்கள், பிறகு செட்டியாரின் அரிசி மூட்டையை, பிறகு சுண்டல் பொட்டலத்தை. சுண்டல் பொட்டலம் 150 கிராமைத் தாண்டும், கவ்வி பிடித்திருந்ததால் தப்பித்தோம்.

ஆறாம் நாளோ என்னவோ மாமா வந்தார். கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கைப்பிடியைப் பிடித்து, காதைப் பக்கத்தில் வைத்து ஒரு பத்துச் சுற்று சுற்றினார். கையை எடுத்தார். சுமை நின்றது. “நாக்கு நல்லாப் பிடிக்குது” என்றார். பிறகு சுண்டல் சாப்பிட்டார். போகும்போது, “நம்ம வண்டியையும் ஒண்ணு செய்யறதுங்களா மாப்ள?” என்று கேட்டார், ஏதோ கடன் கேட்கிற குரலில்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எல்லா அளவும் எழுதி அனுப்பினார். புளியமரத்தடிக்குப் போய், பேரனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, டேப்பால் அளந்திருக்கிறார். தூண் எத்தனை அடி, பூம் எத்தனை அடி, டிரம் சுற்றளவு, பக்கெட்டின் வாய் அகலம், இன்ஜின் நிற்கிற சட்டம், எல்லாம் அடி அங்குலத்தில். ஒன்றுதான் இல்லை. வால் பக்கம் எதிர் எடைக்குக் கல் அடுக்குவார்களே, அது எவ்வளவு என்று எழுதவில்லை. போன் செய்து கேட்டேன்.

“அதுக்கு ஏதுங்க அளவு? கல்லையா ஊர் ஊராத் தூக்கிக்கிட்டுப் போவாங்க? எந்த ஊர்ல கிணறோ அந்த ஊர்க் கல்லுதான். ஆடாம நிக்கற வரைக்கும் வைக்கறது.”

இப்போது மேஜை மேல் பதினெட்டு கல் இருக்கிறது, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நக அளவு. எங்கள் தெருவில் ரோடு போட்டபோது மிச்சமான ஜல்லியைச் சுத்தியலால் உடைத்தது. பத்து போதும் என்று கணக்கு சொல்கிறது. பதினாலு வைத்தும் ஆடுகிறது.